அழுகைக்குப் பொருள் கண்ட மேரி எயின்ஸ்வொர்த்



அழும் குழந்தையை உடனே தூக்கினால் அது கெட்டுப்போகும், சற்று அழட்டும், தானாக அடங்கிவிடும் என்று சொல்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 1928-ல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும், பிள்ளைகளை அதிகம் அணைக்கவோ முத்தமிடவோ கூடாது என்று நூல் எழுதி அறிவுரை கூறினார். இந்த எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், வீடு வீடாகச் சென்று குழந்தைகளைப் பொறுமையோடு உற்றுநோக்கி, அழுகையின் பொருளை எடுத்துச் சொன்ன ஒரு பெண்மணியைக் குறித்து இன்று சிந்திப்போம்.

மேரி சால்ட்டர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். மூன்று சகோதரிகளில் மூத்தவர். 1918-ல் குடும்பம் கனடாவின் டொரொண்டோ நகரில் குடியேறியது. பதினைந்து வயதில் வாசித்த ஓர் உளவியல் நூல் அவரது பாதையைத் தீர்மானித்தது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் படித்து 1939-ல் முனைவர் பட்டம் பெற்றார். பெற்றோரிடம் பாதுகாப்பை உணரும் பிள்ளையே துணிந்து வெளியுலகை அறியச் செல்லும் என்பது அவருடைய ஆசிரியர் வில்லியம் பிளாட்ஸ் கற்பித்த பாடம். இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டுப் பெண்கள் படையில் பணியாற்றி, மேஜர் பதவி வரை உயர்ந்தார்.

1950-ல் லெனார்ட் எயின்ஸ்வொர்த்தை மணந்து இலண்டன் சென்றார். அங்கே செய்தித்தாளில் வந்த ஒரு வேலை விளம்பரம் அவரை ஜான் பவுல்பியிடம் கொண்டுசேர்த்தது. தாயைப் பிரியும் குழந்தைகளின் துயரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பவுல்பி. பின்னர் 1954-ல் கணவரோடு உகாண்டா சென்ற மேரி, கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களைத் தொடர்ந்து சந்தித்தார். குழந்தை தாயை விட்டுத் தவழ்ந்து போவதையும், திரும்பிப் பார்ப்பதையும், அச்சம் வந்தால் ஓடிவந்து பற்றிக்கொள்வதையும் கண்டார். தாய் வெறும் பாலூட்டுபவர் அல்ல, குழந்தை புறப்பட்டுச் செல்லவும் திரும்பி வரவும் உதவும் உறுதியான தளம் என்று உணர்ந்தார்.

அமெரிக்கா திரும்பிய பின் 1960-ல் அவரது மணவாழ்வு முறிந்தது. தமக்கெனக் குழந்தை இல்லாத அவர், பிறருடைய குழந்தைகளுக்காகவே உழைத்தார். 1963-ல் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், ஓராண்டு முழுவதும் அவரும் உதவியாளர்களும் கவனித்தனர். 1972-ல் சில்வியா பெல்லுடன் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. தொடக்க மாதங்களில் யாருடைய அழுகைக்கு விரைவில் பதில் கிடைத்ததோ, அக்குழந்தைகளே ஓராண்டின் முடிவில் குறைவாக அழுதனர். இதை மறுத்தவர்களும் உண்டு. ஆயினும் தூக்கினால் கெட்டுப்போகும் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

அவர் வகுத்த அந்நியச் சூழல் ஆய்வு இன்றும் பயன்படுகிறது. விளையாட்டுப் பொருள்கள் உள்ள ஓர் அறை, ஒரு வயதுக் குழந்தை, தாய், அறிமுகமற்ற ஒருவர். சுமார் 20 நிமிடங்களில் தாய் இருமுறை வெளியே சென்று திரும்புவார். பிரியும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பும்போது என்ன செய்கிறது என்பதே முக்கியம். தாயை அணுகி ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடினால் அது பாதுகாப்பான பிணைப்பு. தாயைக் கண்டும் முகம் திருப்பினால் விலகும் பிணைப்பு. பற்றிக்கொண்டே கோபத்தோடு தள்ளி, ஆறுதல் பெறாமல் தவித்தால் இருமனப் பிணைப்பு. இவ்வகைகளை 1978-ல் விரிவான நூலாக வெளியிட்டார். ஒழுங்கு குலைந்த பிணைப்பு என்ற நான்காம் வகையை அவரிடம் பயின்ற மேரி மெயின், ஜூடித் சாலமனுடன் இணைந்து பின்னர் சேர்த்தார்.

விலகி நிற்கும் குழந்தையை நாம் சமர்த்துப் பிள்ளை என்று பாராட்டக்கூடும். ஆனால் அக்குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வாளர்கள், வெளியே அமைதி தெரிந்தாலும் உள்ளே பதற்றம் இருப்பதைக் கண்டனர். அழாத பிள்ளைக்கும் ஏக்கம் உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். இவ்வகைகள் நோயின் பெயர்களும் அல்ல, தாய்மார் மீதான தீர்ப்பும் அல்ல. குழந்தை தந்தையோடும் பாட்டியோடும் வெவ்வேறு விதமாகப் பிணைப்புக் கொள்ளலாம். வாழ்க்கைச் சூழல் மாறும்போது பிணைப்பும் மாறலாம். வறுமையும் களைப்பும் அழுத்தும் தாய்க்குத் தேவை குறைகூறுதல் அல்ல, தோள்கொடுக்கும் சுற்றம்.

1999-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் மேரி எயின்ஸ்வொர்த் மறைந்தார். அழுகின்ற குழந்தை நம்மை வெல்லப் பார்க்கவில்லை, நம்மைத் தேடுகிறது என்பதே அவரது உழைப்பு நமக்கு விட்டுச்சென்ற பாடம். தேடுகின்ற குழந்தைக்குக் கிடைப்பவர்களாக நாம் இருக்கிறோமா? சிந்திப்போம்.