தங்கத்தைக் கடன் வாங்கிய விஞ்ஞானியும் இந்தியாவின் பழைய முகவரியும்

புனேயில் வேலை பார்க்கிறீங்களா? வார இறுதியில் மகாபலேஷ்வர் பக்கம் போனால், படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் கருப்புப் பாறைகளைப் பார்த்திருப்பீங்க. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. இந்தியா ஒரு காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைப் பேசவைத்ததில் முக்கியமானவர் பேட்ரிக் பிளாக்கெட்.

யார் இவர்?

1897-ல் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து 1916 ஜட்லாண்ட் போரில் பங்கேற்றார். பிறகு கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டின் மாணவர். 1948-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு. அதே ஆண்டு, பாதுகாப்பு ஆராய்ச்சி பற்றி நேரு அரசுக்கு ஆலோசனையும் சொன்னார்.

தோற்றுப்போன கோட்பாடு

சுழலும் பெரிய பொருள் எதுவானாலும், சுழல்வதாலேயே அதற்குக் காந்தப்புலம் வரும் என்பது பிளாக்கெட்டின் கணிப்பு. அதைச் சோதிக்க சுமார் 15 கிலோ தங்கத்தைக் கடன் வாங்கினார். மிக மெல்லிய காந்தத்தையும் அளக்கும் கருவியை உருவாக்கினார். எதிர்பார்த்த காந்தப்புலம் வரவே இல்லை. 1952-ல் அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, கருவியைப் பாறைகள் பக்கம் திருப்பினார்.

பாறைக்கு நினைவு எப்படி வரும்?

குழம்பு ஆறும்போது, அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அன்றைய பூமியின் காந்தத் திசையைப் பதிவுசெய்துகொள்ளும். பூமத்திய ரேகை அருகே அந்தத் திசை கிடைமட்டமாக இருக்கும்; துருவம் பக்கம் போகப்போகச் செங்குத்தாகும். சாய்வை அளந்தால், பாறை எந்த அட்சரேகையில் பிறந்தது என்று கணக்கிடலாம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நிலத்தட்டுகள் மோதி மலை எழும்பும்போது பாறை மடியும். அதோடு சேர்ந்து காந்தத் திசையும் சாயும். ஆழத்தில் சூடேறினால் பழைய பதிவு அழிந்து, புதியது ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க 1949-ல் அமெரிக்கர் ஜான் கிரஹாம் ஒரு வழி சொன்னார். மடிந்த அடுக்குகளைக் கணக்கில் மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். திசைகள் ஒன்றுசேர்ந்தால் பதிவு மடிவதற்கு முந்தையது, சிதறினால் பிந்தையது.

தக்காணம் ஏன் நம்பகமானது?

அங்குள்ள மலைகள் மடிந்து எழுந்தவை அல்ல. பெரும்பாலான அடுக்குகள் இன்றும் கிட்டத்தட்ட கிடைமட்டம்தான். பிளாக்கெட் குழுவைச் சேர்ந்த ஜான் கிளெக்கும் சக ஆய்வாளர்களும் 1956-ல் வெளியிட்ட அளவீடுகளில், சாய்வு இன்றைய இடத்துக்குப் பொருந்தவில்லை. அதைவிடச் செங்குத்தாக இருந்தது. கண்டங்கள் நகரும் என்பதைப் பல புவியியலாளர்கள் ஏற்காத காலம் அது. 1974-ல் பிளாக்கெட் இறக்கும்போது, அது பாடப்புத்தகச் செய்தியாகிவிட்டது.

அப்படி நகர்ந்து வந்த இந்தியா ஆசியாவில் மோதித்தான் இமயமலை எழுந்தது. அந்த மோதலே அங்குள்ள பல பாறைகளின் பழைய பதிவை அழித்தும்விட்டது. அதனால, இமயமலைப் பாறையின் காந்தத்தை வைத்து யாராவது பழைய வரைபடம் போட்டதாகச் செய்தி வந்தால், முதலில் ஒன்றைப் பாருங்க: அந்தக் காந்தம் பாறை மடிவதற்கு முந்தையது என்று சோதித்திருக்கிறார்களா?