சந்தேகம் வந்த பாதிரியார்: தீனபந்து ஆண்ட்ரூஸ்

சங்க வேலையாக ஜார்ஜ் டவுன் போயிருந்தபோது, கிறிஸ்தவத் தோழர் ஒருவரைச் சந்தித்தோம். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அவருக்கு ஜெபம் வரவில்லையாம். சந்தேகப்படுவது பாவமோ என்று கலங்கினார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறோம்.

பினாங்குத் துறைமுகம் நம் பாட்டன்மார் சஞ்சிக்கூலிகளாக வந்திறங்கிய இடம். மலாயாவில் 1910-இல் சஞ்சி முறை ஒழிந்தது. பிஜித் தீவில் 1920 வரை நீடித்தது. அதை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் சி. எப். ஆண்ட்ரூஸ் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார்.

1871-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து 1897-இல் குருவானார். 1904-இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் அவருக்கு உயிர் நண்பர்கள் ஆனார்கள். சபையின் பழைய விசுவாசப் பிரமாணம் ஒன்றோ, அதை ஏற்காதவர்கள் என்றென்றும் கெட்டுப்போவார்கள் என்கிறது. இந்த நல்ல மனிதர்களா கெட்டுப்போவார்கள்? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

1914-இல் தென்னாப்பிரிக்கா போனார். டர்பன் துறையில் காந்தியின் காலைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர்கள் முகம் சுளித்தார்கள். அவர் அங்கே இருக்கும்போதே ஊரில் தாயார் காலமானார். துக்கமும் சந்தேகமும் ஒன்றாகச் சேர்ந்து அமுக்கின.

வாய் ஒன்று சொல்ல, மனம் ஒன்று நினைக்க அவரால் முடியவில்லை. அதே ஆண்டு குருப் பணியை விட்டுவிட்டுத் தாகூரின் சாந்திநிகேதனில் சேர்ந்தார். பேசாமல் இருந்திருந்தால் பதவியும் மரியாதையும் நிலைத்திருக்கும். அதை அவர் விரும்பவில்லை. ஆனால் இயேசுவை மட்டும் அவர் விடவில்லை.

1915-இல் காலரா வந்து படுத்தார். தேறி வரும் நாளில், முன்பு நேட்டாலில் பார்த்த ஒரு கூலியாள் அவர் மனக்கண்முன் வந்தான். அடிபட்டு முதுகு கிழிந்து, பயந்து ஒடுங்கியவன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கிறிஸ்துவின் முகமாக மாறியதாம். அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டே பியர்சன் என்ற நண்பரோடு பிஜிக்குக் கப்பலேறினார். லயம் லயமாக நடந்து, அங்கே நடந்த கொடுமைகளையும் தற்கொலைகளையும் அறிக்கையாக்கினார். 1917-இல் மறுபடியும் போனார். 1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் சஞ்சி முறை முடிந்தது. ஏழைகளின் உறவினர் என்று பொருள்பட, மக்கள் அவரைத் தீனபந்து என்றார்கள். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கும் தலைவராக இருந்தார். கடைசிக் காலத்தில் குருப் பணிக்கும் திரும்பினார். 1940-இல் கல்கத்தாவில் மறைந்தார்.

பார்த்தீர்களா? அவருடைய சந்தேகம் வாதத்தில் தீரவில்லை. சந்தேகத்தோடேயே நடந்து போய், அடிபட்டவன் பக்கத்தில் நின்றார். இழந்ததை அங்கேதான் கண்டெடுத்தார்.

ஜார்ஜ் டவுன் தோழர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜெபம் வருகிறபோது வரட்டும். அதுவரை அடுத்த வீட்டுக்காரன் கஷ்டத்தில் கை கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். நம் லயங்களிலும் இப்படி வாடுகிறவர்கள் உண்டு. அவர்களை ஏசாதீர்கள்; கூடப் போய் உட்காருங்கள்.