பவழத்தீவும் டார்வினும்

இங்கிலாந்து நாட்டில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில், 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், மருத்துவர் ஒருவரின் மைந்தராகச் சார்லஸ் டார்வின் பிறந்தார். தம் தொழிலையே மைந்தரும் கற்றல் வேண்டுமெனத் தந்தையார் விழைந்தார். ஆயின், மயக்க மருந்து வழக்கிற்கு வாராத அக்காலத்தில், நோயாளர் கதறக் கதற நிகழ்ந்த அறுவையைக் காணப் பொறாது டார்வின் அக்கல்வியைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்று தேறி, 1831ஆம் ஆண்டின் இறுதியில் பீகிள் என்னும் கப்பலேறி உலகஞ் சுற்றப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் அவர் புகழ் பரவியது பிற்காலத்தில். அதற்கு முன்னரே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை பவழத்தீவுகளாகும்.

நடுக்கடலில் வளையம்போற் கிடக்கும் அத்தீவுகள் எங்ஙனம் தோன்றின? நீரில் மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பிலே பவழம் வளர்ந்ததென நிலநூல் வல்லுநர் லயல் கருதினார். டார்வினுக்கு அது பொருந்தவில்லை. 1835இல் தென்னமெரிக்காவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் கரைநிலம் சில அடி உயர்ந்திருந்ததை அவர் கண்டார். ஓரிடத்தில் நிலம் உயருமாயின், வேறோரிடத்தில் கடலடி தாழ்தலும் கூடுமன்றோ? எரிமலைத் தீவின் கரையைச் சுற்றிப் பவழம் வளர்கிறது; தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது; பவழமோ மேன்மேலும் உயர்ந்து வளர்கிறது; முடிவில் தீவு மறைய, வளையமே எஞ்சுகிறது. இங்ஙனம் அவர் எண்ணித் துணிந்தபோது உண்மையான பவழத்திட்டு ஒன்றையேனும் கண்டிருந்தாரல்லர்!

1836 ஏப்ரலில் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளை அடைந்தது. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய், கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்த்தார். ஆழங்குறைந்த இடங்களிற் கொழுப்பின்மீது உயிர்ப்பவழத்தின் சுவடு பதிந்தது. 20 பாகத்திற்குக் கீழே பெரும்பாலும் மணலே ஒட்டி வந்தது. கரையிலிருந்து 2,200 கசத் தொலைவிலோ, 7,200 அடிக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை. ஆழத்தில் வாழாத பவழம் அத்துணை ஆழத்திலிருந்து எழுந்திருக்க இயலாது. ஆதலின் அதன் அடித்தளமே தாழ்ந்திருத்தல் வேண்டும்.

ஆழத்தில் அது வாழாமைக்குக் காரணம் அந்நாளில் விளங்கவில்லை. பாறை கட்டும் பவழவுயிரின் தசையினுள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. கடற் சிற்றுயிர்களுள் உறையும் இத்தகைய மஞ்சட் பாசிகளுக்கு ஜெர்மானிய அறிஞர் பிராண்ட் பெயரிட்டது 1881இல்தான். பாசி கதிரவனொளியால் உணவாக்கிப் பவழத்திற்கு ஈகிறது. பவழம் அதற்கு உறைவிடமும் தன் கழிவுகளையே உரமாகவும் தருகிறது. உடனுறையும் பாக்டீரியாக்களுட் சில, நீரிற் கரைந்த நைட்ரஜனை ஊட்டப்பொருளாக மாற்றுகின்றன. சத்துக் குறைந்த தெளிகடலில் மலையொத்த பாறைகள் எழுவது இக்கூட்டு வாழ்வினால்தான். ஒளி புகாத ஆழத்தில் இது நிகழாது. நீர் மிக வெப்பமுற்றாலும் பாசி நீங்கிப் பவழம் வெளுத்துப்போகும்.

1837இல் டார்வின் தம் கருத்தை அறிஞர் அவையில் உரைத்தபோது, லயல் தம் கொள்கையை மகிழ்வுடன் விட்டுக்கொடுத்தார், அப்பெருந்தன்மை அரிது. 1842இல் நூலும் வெளிவந்தது. எனினும் பிற்காலத்தில் மறுப்புகள் எழுந்தன. செல்வர் எவரேனும் பவழத்தீவொன்றை ஆழத் துளைத்துப் பார்க்கமாட்டாரா என்று 1881இல் முதியவரான டார்வின் மடலொன்றில் ஏங்கினார். மறு ஆண்டு ஏப்ரல் 19இல் மறைந்தார்.

1896 முதல் 1898 வரை பசிபிக் கடலின் புனாபுட்டியில் 1,114 அடி துளைத்தனர்; பவழச் சுண்ணாம்பே வந்தது, வழக்குத் தீரவில்லை. 1952இல் எனிவெட்டாக் தீவில் 4,000 அடிக்கும் கீழே சென்ற துளைகருவி எரிமலைப் பாறையைத் தொட்டது.