பேய்க்கரும்பைப் பெருமைப்படுத்திய பேரறிஞர்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., தாவரவியல்)

எங்கள் ஊர் படாளம். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த ஊர். கரும்பு வண்டிகள் எழுப்பும் புழுதியில்தான் நான் நடை பழகினேன் என்றால் மிகையாகாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

சென்ற மாசி மாதம் கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. ஒரு பாதியில் வெட்டுக்கு நெருங்கிய கரும்பு. மறு பாதியில் தூர் கட்டத் தொடங்கிய இளங்கரும்பு. இருக்கும் நீர் ஒன்றுக்குத்தான் போதும். எதற்கு விடுவது என்று அப்பா என்னைக் கேட்டார். செடிகளைப் பற்றிப் படிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே என்னை நூலகத்திற்கு விரட்டியது. அங்கேதான் சர் டி. எஸ். வெங்கட்ராமனின் வரலாற்றைக் கண்டேன்.

1884ஆம் ஆண்டு பிறந்த அவர், கோவையில் 1912இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டாக்டர் சி. ஏ. பார்பருக்குத் துணையாகப் பணியாற்றினார். ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. வடநாட்டுக் கரும்போ மெலிந்தது. சாறு மிகுந்த தென்னாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்காது. இரண்டுக்கும் இடையே வழி உண்டா?

வழி வாய்க்கால் கரையில் இருந்தது! யாரும் சீந்தாத பேய்க்கரும்பு அது. அதில் இனிப்பில்லை, ஆனால் ஆழ வேரோடி, வறட்சியையும் வெள்ளத்தையும் ஒருங்கே தாங்கும். 'வெள்ளை' என்னும் நல்ல கரும்போடு அதைக் கலந்து, கோ 205 என்ற புதிய ரகத்தை உருவாக்கினர். 1918இல் அது வெளிவந்தது. பஞ்சாபில் பழைய 'கத்தா' ரகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

1919இல் நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. அவர் காலத்தில் தோன்றிய கோ 419, தென்னிந்திய வயல்களில் பல்லாண்டு கோலோச்சியது. கரும்பின் வயதைக் குறைக்க எண்ணிச் சோளத்தோடும் அதனைக் கலந்து பார்த்தார். வயது குறைந்தால் நீரும் மிச்சமல்லவா? 1937இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1942இல் சர் பட்டமும், 1956இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1963இல் அவர் மறைந்தார்.

நீர்ச் சிக்கனம் வாய்க்காலில் மட்டும் இல்லை, செடிக்குள்ளும் இருக்கிறது என்பதே அவர் வாழ்வு எனக்குக் கற்பித்த பாடம். வேர் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிறது. தாகம் எடுத்தால் செடி அத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது கரியமிலவாயுவும் உள்ளே புகாது, வளர்ச்சி நிற்கும். ஆகவே எந்தப் பருவத்தில் தாகத்தைப் பொறுக்கும் என்று அறிந்து நீரைக் குறைக்க வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் வாடினால் கரும்பின் எண்ணிக்கையே குறைந்துவிடும். முதிர்ந்த கரும்புக்கு வெட்டுமுன் சில வாரங்கள் நீரை நிறுத்தினால் சர்க்கரைச் சத்து கூடும் எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளனர்.

இதை அப்பாவிடம் சொன்னேன். நீரை நெடுநாள் நிறுத்தினால் முதிர்ந்த கரும்பின் எடை குறையலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, மடையை இளங்கரும்புப் பக்கம் திருப்பினார். பார்களுக்கிடையே சோகையைப் பரப்பினார். கல்லூரிக்கு வந்த பின் என் படிப்பு எங்கள் வயலுக்குள் இறங்கியது அன்றுதான்.

நண்பர்களே! வாய்க்கால் கரைப் புல்லையும் மதித்துப் பார்த்த ஒருவரால் நாட்டுக்கே இனிப்பு கிடைத்தது. நாம் படிக்கும் பாடமும் நம் ஊர் மண்ணைத் தொடட்டும்!