அரசியல் நிர்ணய சபையில் காயிதே மில்லத்

மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களைப் பற்றி மேடைகளில் பேசுவோர் அன்னாரின் எளிமையைச் சொல்வார்கள். 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது தம் ஒரே மகனைப் போர்முனைக்கு அனுப்ப முன்வந்ததைச் சொல்வார்கள். இவையெல்லாம் சொல்லத் தக்கவையே. ஆனால் நம் வீடுகளில் நடக்கும் நிக்காஹ்வோடும், நாம் பிரித்துக்கொள்ளும் சொத்தோடும் நேராகத் தொடர்புள்ள ஒரு நாள் அன்னாரின் வாழ்வில் உண்டு. அதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அது 1948 நவம்பர் 23.

அந்த நாளுக்கு வருமுன் அன்னார் நடந்து வந்த பாதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் அன்னார் பிறந்தார்கள். தந்தை மியாக்கான் ராவுத்தர் மார்க்கக் கல்வி உடையவர், ஜவுளி வணிகர். அவர் மகனின் இளம் பருவத்திலேயே காலமாகிவிட, அரபியும் குர்ஆனும் ஹதீஸும் தாயாரிடமே பாடமாயின. மதரஸாவுக்குப் போகாத பிள்ளைக்கு வீடே மதரஸாவாயிற்று என்று சொல்லலாம். நெல்லையிலும் திருச்சியிலும் சென்னையிலுமாக ஆங்கிலக் கல்வி தொடர்ந்தது. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பி.ஏ. தேர்வை எழுதாமலே படிப்பை விட்டார்கள். பிறகு சென்னையில் தோல் வணிகம். அதன் பின்னரே முஸ்லிம் லீக். 1946இல் சென்னை மாகாணச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்கள்.

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. பிரிவினையைக் கேட்டுப் பெற்ற கட்சியின் பெரிய தலைவர்களில் பலர் எல்லைக்கு அப்பால் போய்விட்டார்கள். இங்கே இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கூடி, கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலீ கான் அமைப்பாளர்; இந்தியாவுக்கு முஹம்மது இஸ்மாயீல் சாஹிப். அதே மாதக் கடைசியில் லக்னோவில் மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் கூட்டிய மாநாடு, முஸ்லிம்களுக்கென்று தனி அரசியல் கட்சி இனி வேண்டாம் என்றது. வடக்கே லீக்கின் கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன.

கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அன்னாரை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வணிகம் இருந்தது, மரியாதை இருந்தது. ஆனால் 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை அரசினர் மண்டபத்தில் கூட்டத்தைக் கூட்டினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். அரசியலை விட்டுவிடலாம் என்ற குரலும் அங்கே எழத்தான் செய்தது. முடிவில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் தொடர்வதென்று தீர்மானமாயிற்று. அன்னாரே தலைவர்.

லீகர் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. 1948 செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்தபோது அந்தப் பார்வை இன்னும் கூர்மையாயிற்று. அது நடந்து இரண்டு மாதம் சற்றே கழிந்திருந்தது. நவம்பர் 23 வந்துவிட்டது.

டெல்லியில் அரசியல் நிர்ணய சபை வரைவுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்துகொண்டிருந்தது. அன்று எடுத்துக்கொள்ளப்பட்டது 35ஆவது பிரிவு. நாடெங்கும் குடிமக்கள் அனைவருக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. இன்றைய அரசியல் சட்டத்தில் 44ஆவது பிரிவு என்று நாம் படிப்பதும் அதுவே. சென்னையிலிருந்து முஸ்லிம் உறுப்பினராகச் சென்றிருந்த இஸ்மாயீல் சாஹிப் எழுந்து ஒரு திருத்தத்தை முன்வைத்தார்கள். தனக்கென ஒரு தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருத்தத்தின் வாசகம் முஸ்லிம் என்ற சொல்லோடு நிற்கவில்லை. எந்தச் சமூகமாயினும் என்றிருந்தது. தம் கூட்டத்துக்கு மட்டும் சலுகை கேட்பவரின் வாசகம் அப்படி அமையாது. தனியார் சட்டம் ஒரு மக்களின் மார்க்கத்தோடும் பண்பாட்டோடும் சேர்ந்த வாழ்க்கை முறை. அதில் கை வைத்தால் ஒற்றுமை வளராது, கசப்புத்தான் வளரும். அவரவர் சட்டப்படி அவரவரை வாழவிட்டால் அமைதி நிலைக்கும் என்று வாதிட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் செர்பியர், குரோஷியர், ஸ்லோவீனியர் ஆகியோரின் அரசாக உருவான யூகோஸ்லாவியா, தன் முஸ்லிம் குடிகளின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்ததை எடுத்துக்காட்டினார்கள். பேட்டையில் தாயின் மடியில் ஹதீஸ் கேட்ட பிள்ளை, ஐரோப்பிய உடன்படிக்கையைத் தேடிப் படித்துவிட்டுச் சபைக்குப் போயிருந்தது. மார்க்கத்துக்காக வாதாடப் புறப்படும் நம்மவர்கள் இந்த உழைப்பைப் பார்க்க வேண்டும். குரலை உயர்த்துவது எவருக்கும் எளிது.

மதரஸாவில் ஃபராயிள் ஓதியவர்களுக்கு அந்த வாதத்தின் வேர் எளிதில் விளங்கும். கணவன் இறந்தால் பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாதவளுக்கு நான்கில் ஒன்று என்று பங்குகளை ஸூரத்துன் நிஸா எண்ணிக்கையோடு சொல்லிவிடுகிறது. அது ஊர் வழக்கம் அன்று. நமக்கு அது தொழுகையைப் போல மார்க்கத்தின் பகுதி. சபையில் இருந்த பலருக்கு இது புரியவில்லை. மதம் வேறு, சொத்தும் மணமும் வேறு என்பது அவர்கள் எண்ணம்.

மஹ்பூப் அலீ பேக், போக்கர் சாஹிப், நஸீருத்தீன் அஹ்மது முதலியோர் அன்னாரின் பக்கம் நின்று பேசினார்கள். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்தார்கள். இறுதியில் டாக்டர் அம்பேத்கர் பதிலளித்தார். இந்திய முஸ்லிம்கள் எல்லாரும் எக்காலத்தும் ஷரீஅத்தையே பின்பற்றினார்கள் என்பது சரியன்று என்று சொல்லி, 1935 வரை வடமேற்கு எல்லை மாகாணத்தில் இருந்த நிலையையும், வட மலபாரில் முஸ்லிம்களிடையேகூட வழங்கிய மருமக்கத்தாயத்தையும் அவர் சுட்டினார். இதை நாம் மழுப்பக் கூடாது. அது உண்மையே. தாய்வழிச் சொத்துரிமை அங்கே இருக்கத்தான் செய்தது. 1937இன் ஷரீஅத் சட்டம் அத்தகைய வழக்கங்களை மாற்றத்தான் வந்தது. அதே பதிலில் அவர், வருங்காலப் பாராளுமன்றம் தாமே விரும்பி ஏற்போருக்கு மட்டும் அச்சட்டம் செல்லும் என்று தொடக்கம் செய்யக்கூடும் என்றும் சொல்லிவைத்தார்.

திருத்தங்கள் தோற்றன. பிரிவு அப்படியே நிறைவேறியது. ஆனால் நீதிமன்றத்தால் அமல்படுத்த முடியாத வழிகாட்டு நெறிகளின் வரிசையிலேயே அது இருந்தது. டிசம்பரில் மத சுதந்திரம் பற்றிய பிரிவு வந்தபோது தனியார் சட்ட உரிமையை அதிலாவது சேர்க்க வேண்டுமென்று அன்னார் மறுபடியும் எழுந்தார்கள். மறுபடியும் தோல்வி. 75 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2024இல் உத்தராகண்ட் சட்டசபை பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியபோது இரு தரப்பிலும் பேசப்பட்ட வாதங்களில் பெரும்பாலானவை அன்றே அந்தச் சபையில் பேசப்பட்டவைதாம்.

1949 மே மாதத்தில் அன்னார் கேட்ட இன்னொன்றும் தோற்றது. அது முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி. சர்தார் பட்டேல் மிகக் கடுமையாகப் பதிலளித்தார். பேகம் அய்ஸாஸ் ரஸூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அப்போது எதிர்த்தரப்பில் இருந்தார்கள். என் கருத்தில் அந்தக் கோரிக்கைக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நாளில் அதை எவரும் காது கொடுத்துக் கேட்டிருக்க முடியாது. அதைச் சொல்வதால் அன்னாரின் மதிப்பு குறைந்துவிடாது. ஏனெனில், தீர்ப்பு தமக்கு எதிரானபின் அதே பொதுத் தொகுதியில் நின்று அன்னார் வென்றார்கள்.

அந்த வெற்றி மலபாரில் கிடைத்தது. 1956 வரை மலபார் சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். லீக்கின் வேர் அங்கேதான் ஆழமாக இருந்தது. 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்த அன்னார், போக்கர் சாஹிப் வென்றிருந்த மஞ்சேரியில் 1962இல் நின்று லோக் சபைக்குச் சென்றார்கள். 1967லும் 1971லும் அத்தொகுதி அவர்களையே அனுப்பியது. நெல்லைத் தமிழரை மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார் மும்முறை தேர்ந்தெடுத்தார்கள்! 1967இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் லீகுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் லீக் இருந்தது. தீண்டத்தகாத கட்சியாக 19 ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்டது, ஆட்சி அமைப்போர் தேடிவரும் கட்சியாயிற்று.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அன்னார் வஃபாத்தானார்கள். லோக் சபை உறுப்பினராகவே மறைந்தார்கள். 1974இல் சென்னை அண்ணா சாலையில் அரசு தொடங்கிய மகளிர் கல்லூரிக்கு அன்னாரின் பெயர் சூட்டப்பட்டது. 1991இல் பிறந்த நாகப்பட்டினம் மாவட்டமும் சில ஆண்டுகள் அப்பெயரைத் தாங்கியிருந்தது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. அன்னாரின் கப்ரு திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது.