கழுத்தில் ஒரு செபமாலை: யோசப் வாஸ் தேடி வந்த மக்கள்

சில மாதங்களுக்கு முன்னர் வன்னியில் மீள்குடியேறிய ஒரு சிறிய கிராமத்தின் பங்குக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். போரில் கூரையிழந்த கோயிலைப் புலம்பெயர்ந்த உறவுகளின் பணத்தில் பெரிதாகக் கட்டுவதா, அல்லது அதில் ஒரு பங்கைப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்குவதா என்பதே அன்றைய விவாதம். கட்டி முடிக்கும்போது உள்ளே இருக்க ஆட்கள் இருப்பார்களா என்று பின்வரிசையிலிருந்த ஒரு அம்மா கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தகரக் கொட்டகையின் சுவரில் புனித யோசப் வாஸ் அடிகளாரின் படம் மாட்டப்பட்டிருந்தது.

அந்தக் கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையை மீண்டும் வாசித்தேன்.

1651இல் கோவாவில் பிறந்து, 1676இல் குருவானவர் அவர். அவர் வருவதற்கு முன்னர் இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கம் போர்த்துக்கீசரின் ஆட்சியோடு வேரூன்றியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததும் அதே ஆட்சிதான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் நிலைமை தலைகீழானது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபையிடம் போயின. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமானது.

அப்படி ஏறத்தாழ முப்பது வருடங்கள் கழிந்தன. குரு இல்லை, பூசை இல்லை. மாந்தையிலிருந்த மாதாவின் சொரூபத்தை மக்கள் காட்டுக்குள் தூக்கிச் சென்றதே மடுத் திருத்தலத்தின் தொடக்கம் என்று மரபு சொல்கிறது. 2008இல் அதே மடு மாதாவை மீண்டும் இடம்பெயரக் கண்ட நமக்கு அந்த மக்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

1687இல் வாஸ் அடிகளார் யோவான் என்ற துணையாளோடு, வறியவரின் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்தார். அதற்கு முன்பே தூத்துக்குடிப் பக்கம் தங்கித் தமிழ் கற்றிருந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் நோயில் விழுந்தார். பிழைத்தெழுந்ததும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டபடி வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறதென்று கவனிப்பதே அவருடைய வழி. நம்பிக்கைக்குரியவர்கள் என்று உறுதியான பிறகே தான் யாரென்று சொன்னார்.

அவர் தேடி வந்த திருச்சபை ஏற்கெனவே அங்கே இருந்தது. பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்தில் பெயர் பதிந்தவர்கள், இரவில் வீட்டுக்குள் செபம் சொன்னார்கள். அவர்களைத் தாங்க ஆட்சியும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆட்சியாளரின் மதமாக வந்தது, அது பறிபோன பின்னர்தான் மக்களின் சொந்த நம்பிக்கையானது என்று நினைக்கிறேன்.

பின்னர் சில்லாலை அவருக்கு இருப்பிடமானது. இரவுகளில் அங்கிருந்து ஊர்களுக்குப் போனார். ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தார்கள். அவர் தப்பினார். கூடியிருந்தவர்கள் பிடிபட்டார்கள், சிலர் கொடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். வரலாறு அடிகளாரின் பெயரை நினைவில் வைத்திருக்கிறது. விலை கொடுத்தவர்களோ சாதாரண ஊர்ச்சனம்.

புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கீச உளவாளி என்று சந்தேகித்து அடைத்து வைத்தார்கள். காவலிலேயே சிறு குடில் அமைத்துச் செபித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவரும் உடனிருந்த குருவும் பௌத்தர், கத்தோலிக்கர் என்று பாராமல் கஞ்சி கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒளிந்திருந்த நம்பிக்கை, கண்டியில் அடுத்தவரின் வாசலுக்குப் போனது. மன்னனின் நம்பிக்கையும் பணிசெய்யும் சுதந்திரமும் அவருக்கு இதனால் உறுதியாயின.

1711 ஜனவரி 16இல் கண்டியில் அவர் காலமானார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளை இழந்தவர்களும் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள்.

நான் போன அந்தக் கிராமத்தின் கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை. கோயில் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் இழந்த சனத்துக்குக் கூடியிருந்து அழவும் ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கான பதில் கட்டட வரைபடத்தில் இருக்காது. முகாமிலும் பதுங்குகுழியிலும் சேர்ந்து செபமாலை சொன்ன அந்தச் சனம், இன்று யாருடைய வீட்டு வாசலுக்குப் போகிறது என்பதில்தான் இருக்கும்.