இந்திய விமானத் தொழிலுக்கு வித்திட்ட வால்சந்த் ஹீராசந்த்

தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1882-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி சோலாப்பூரில் பிறந்தார். ராணுவ விமானங்களுக்கு இந்தியா வெளிநாடுகளை நம்பியிருந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மைசூர் சமஸ்தானத்தின் பங்களிப்புடன் 1940 டிசம்பர் 23-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களும் வல்லுநர்களும் தருவிக்கப்பட, உள்ளூர்த் தொழிலாளர்கள் அவர்களிடம் பயிற்சி பெற்றனர். அரசின் கொள்முதல் ஆணைகள் உற்பத்திக்குப் பிடிமானம் அளித்தன. ஹார்லோ பயிற்சி விமானம் 1941-இல் அங்கிருந்து பறந்தது.

போர் நெருங்கியதால் 1942-இல் நிறுவனத்தை அரசு ஏற்றது. வால்சந்த் தமது பங்குகளை விட்டுக்கொடுத்தார். எனினும், அங்கு உருவான தொழில்திறன் நிலைத்தது. விஷ்ணு மாதவ் காட்கே தலைமையில் உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது. வால்சந்த் 1953 ஏப்ரல் 8-ஆம் தேதி காலமானார். அந்நிறுவனமே 1964-இல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது.